சைக்ளோகிராஸ் முதல் சீசன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சாலை சைக்கிளிலோ மலை சைக்கிளிலோ பழகியவர்கள் முதல்முறை சைக்ளோகிராஸ் போட்டிக்குப் பெயர் கொடுக்கும்போது கேட்கும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுதான். கேட்டவர்களின் வார்த்தையிலேயே அவற்றை இங்கே போட்டிருக்கிறோம். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பின்னால். ஒரு பதிலில் சொன்னதை இன்னொன்றில் திரும்பச் சொல்லவில்லை என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

சைக்ளோகிராஸ்னா என்னங்க? மண்ணுல ஓட்டுற ரேஸ்தானே?

மண்ணும் உண்டு. புல், சேறு, மணல், படிக்கட்டு, செங்குத்தான சிறு மேடு எல்லாமும் உண்டு. சர்வதேச விதிப்படி ஒரு சுற்று 2.5 முதல் 3.5 கி.மீ. இருக்கும். அதையே திரும்பத் திரும்பச் சுற்ற வேண்டும். போட்டி தூரக் கணக்கில் அல்ல, நேரக் கணக்கில் நடக்கும். உயர்மட்ட ஆண்களுக்கு ஏறக்குறைய 60 நிமிடம், பெண்களுக்கு 50. உள்ளூர் அமெச்சூர் பிரிவுகளில் 30 முதல் 45 நிமிடம்தான். சில இடங்களில் சைக்கிளை விட்டு இறங்கி, அதைத் தூக்கிக்கொண்டு ஓடித்தான் ஆக வேண்டும். மற்றப் போட்டிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டுவது அதுதான்.

பிரான்ஸில் 1902-ல் முதல் தேசியப் போட்டி நடந்தது. முதல் உலகப் போட்டி 1950-ல் பாரிஸில். இன்று இந்த விளையாட்டின் இதயம் பெல்ஜியமும் நெதர்லாந்தும். வட அரைக்கோளத்தில் சீசன் செப்டம்பரில் தொடங்கி பிப்ரவரியில் முடியும். முதல் மாதம் காய்ந்த புழுதி, நவம்பர் டிசம்பரில் சேறு, ஜனவரியில் உறைந்த தரை. ஒரே பாதையே மூன்று விதமாக மாறும் என்பதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே வரும் பல பதில்கள் எளிதாகப் புரியும்.

புதுசா சைக்கிள் வாங்கணுமா? கிராவல் சைக்கிள் (சரளை ரோட்டுக்கான சைக்கிள்) இருக்கு, எம்டிபியும் (மலை சைக்கிள்) இருக்கு.

முதல் சீசனுக்கு வாங்க வேண்டாம். உள்ளூர் போட்டிகள் பலவற்றில் மலை சைக்கிளையும் அனுமதிக்கிறார்கள். ஹேண்டில்பார் முனையில் நீட்டிக்கொண்டிருக்கும் கொம்புகளை மட்டும் கழற்றச் சொல்வார்கள். கிராவல் சைக்கிள் இன்னும் வசதி. பாட்டில் தாங்கிகளைக் கழற்றிவிடுங்கள், இல்லையென்றால் தோளில் தூக்கும்போது கை நுழையாது. பெடல் இரண்டு பக்கமும் கிளிப் ஆகும் மலை சைக்கிள் வகையாக இருக்கட்டும். சாலை ஷூவின் அடியில் பெடலோடு மாட்டும் கிளீட் சேற்றில் இரண்டே நிமிடத்தில் அடைத்துவிடும்.

டயர் அகலத்தை மட்டும் விதிப் புத்தகத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். சர்வதேச சைக்கிள் அமைப்பான யூசிஐயின் போட்டிகளில் உச்ச வரம்பு 33 மி.மீ. கமிசேர் என்கிற போட்டி நடுவர் அளப்பது டயரின் பக்கத்தில் அச்சிட்ட எண்ணை அல்ல, காற்று அடித்த டயரைத்தான். அகலமான ரிம்மில் மாட்டிய 33 டயர் 34-ஐத் தாண்டுவது சாதாரணம். உள்ளூர் போட்டிகளில் பெரும்பாலும் இந்தக் கண்டிப்பு இருக்காது.

கியர்?

முன்னால் 38 முதல் 42 பல் உள்ள ஒற்றைச் சக்கரம், பின்னால் 11 முதல் 34 பல் வரை போகும் பல்வரிசை மாதிரி ஒன்று போதும். முன்னால் இரட்டைச் சக்கரம் இருந்தாலும் அதற்காக எதையும் மாற்ற வேண்டாம்.

டயர்ல எவ்வளவு காத்து வைக்கணும்? ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.

ஆளாளுக்கு ஒன்று சொல்வதில் தவறில்லை. எடை, டயர், தரை மூன்றும் சேர்ந்துதான் அந்த எண்ணைத் தீர்மானிக்கின்றன. 70 கிலோ ஆள், 33 மி.மீ. டியூப்லெஸ் டயர், சாதாரணப் புல்தரை என்றால் முன்னால் 23, பின்னால் 25 பிஎஸ்ஐயில் (காற்றழுத்த அளவு) ஆரம்பிக்கலாம். 5 கிலோ கூடினால் 1 பிஎஸ்ஐ கூட்டுங்கள். சேறு என்றால் 2 அல்லது 3 குறையுங்கள். வேரும் கல்லும் உறைந்த தடங்களும் இருந்தால் 2 அல்லது 3 கூட்டுங்கள். உள்ளே டியூப் போட்டிருந்தால் 32-க்குக் கீழே இறங்க வேண்டாம். ரிம்மும் கல்லும் டியூபை நடுவில் வைத்து நசுக்கி, பாம்பு கடித்தது போல இரண்டு ஓட்டை போட்டுவிடும்.

சரியான எண்ணைப் பாதையிலேயே கண்டுபிடிக்க வேண்டும். பயிற்சிச் சுற்றில் மிகக் கடினமான இடத்தை வேகமாகக் கடந்து பாருங்கள். ஒரு சுற்றில் ஒரே ஒரு முறை ரிம் தரையை லேசாகத் தொடுவது தெரிந்தால் அழுத்தம் ஏறக்குறைய சரி. பல முறை தட்டினால் 1 பிஎஸ்ஐ ஏற்றுங்கள். ஒரு முறைகூடத் தட்டாமல் திருப்பங்களில் வழுக்கினால் 1 இறக்குங்கள். வீட்டுக்குள் அடித்த காற்று வெளியில் குளிரில் குறையும் என்பதும் நினைவில் இருக்கட்டும்: வெப்பம் 10 டிகிரி இறங்கினால் ஒன்றேகால் பிஎஸ்ஐ போலப் போய்விடும். ஆகவே கடைசி அளவு மைதானத்தில்தான்.

ஃபுளோர் பம்ப்பில் இருக்கும் முள் இந்த வேலைக்கு உதவாது. 160 வரை காட்டும் வட்டத்தில் 23-க்கும் 26-க்கும் வித்தியாசம் தெரியாது. குறைந்த அழுத்தத்தைத் துல்லியமாகக் காட்டும் தனி அளவி ஒன்று வாங்குங்கள். இந்த விளையாட்டுக்காகச் செலவு செய்ய வேண்டிய முதல் பொருள் எது என்று கேட்டால், சக்கரத்துக்கும் ஷூவுக்கும் முன்னால் அதைத்தான் சொல்வோம்.

டியூப்லெஸ் கட்டாயமா?

கட்டாயம் இல்லை. ஆனால் முந்தைய பதிலில் சொன்ன 23, 25 எல்லாம் உள்ளே டியூப் போட்ட டயரில் கிடைக்காது. ஒரு டயருக்கு 40 முதல் 60 மி.லி. சீலண்ட் (ஓட்டையை அடைக்கும் திரவம்) ஊற்றுங்கள். அது உள்ளே காய்ந்துபோகும் என்பதால் இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்து நிரப்ப வேண்டும்.

இதில் வரும் தனிச் சிக்கல் ஒன்று உண்டு. அழுத்தம் மிகக் குறைவாக இருந்து, திருப்பத்தில் பக்கவாட்டில் பாரம் விழுந்தால், டயரின் விளிம்பு ஒரு கணம் ரிம்மை விட்டு விலகி "புஸ்" என்று காற்றை விட்டுவிடும். ஒரே தடவையில் பாதி அழுத்தம் போய்விடலாம். அப்படி நடந்தால் 2 பிஎஸ்ஐ கூட்டிப் பாருங்கள். அப்போதும் நடந்தால் அந்த டயரும் ரிம்மும் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை என்று அர்த்தம். ரிம் டேப்பை இன்னொரு சுற்று சுற்றினால் சில ஜோடிகள் இறுக்கமாக உட்காரும்.

இறங்குறதும் ஏறுறதும்தான் பயமா இருக்கு. எங்க ஆரம்பிக்கிறது?

தட்டையான புல்தரையில், நடை வேகத்தில். முதலில் இறங்குவது. எப்போதும் சைக்கிளின் இடது பக்கம் இறங்குங்கள், அப்போதுதான் செயினும் பல்சக்கரமும் காலில் படாமல் எதிர்ப்பக்கம் இருக்கும். வலது காலை பெடலிலிருந்து விடுவித்து, சீட்டுக்குப் பின்னால் சுற்றி இடது பக்கம் கொண்டுவாருங்கள். இப்போது இடது காலில் மட்டும் நின்றபடி சைக்கிள் உருண்டுகொண்டிருக்கும். வலது கையை மேல் குழாயில் ஊன்றி உடல் பாரத்தை அதில் கொஞ்சம் ஏற்றுங்கள். பிறகு இடது காலை விடுவித்து, வலது கால் முதலில் தரையில் படும்படி ஓடத் தொடங்குங்கள்.

பலர் விழுவது இடது கிளீட் கடைசி நொடியில் கழலாமல் போவதால். பெடலின் ஸ்பிரிங் இறுக்கத்தைத் தளர்த்தி வையுங்கள். தொடக்கத்தில் இடது காலையும் முன்கூட்டியே கழற்றி, பாதத்தின் நடுப்பகுதியால் பெடல்மேல் நின்றுகொள்வது பாதுகாப்பு. இன்னொன்று பிரேக். இறங்கும்போது ஹேண்டில்பாரில் இருப்பது இடது கை மட்டும். அந்தக் கைக்கு முன் பிரேக் வரும் சைக்கிளில் அழுத்திப் பிடித்தால் பின்சக்கரம் எழும்பிவிடும். அதனால்தான் சிலர் பின் பிரேக்கை இடது கைக்கு மாற்றிக்கொள்கிறார்கள். மாற்றாதவர்கள், இறங்குவதற்கு முன்பே வேகத்தைக் குறைத்துவிட வேண்டும்.

ஏறுவது இதைவிட எளிது, பார்க்கத்தான் பயங்கரம். இரண்டு கையும் ஹேண்டில்பாரில், ஓடிக்கொண்டே இடது காலால் உந்தி, வலது தொடையின் உட்பக்கம் சீட்டில் படும்படி சரிந்து உட்காருங்கள். மேலே குதிப்பதல்ல, முன்னால் பாய்வது. உந்துவதற்கு முன் கால் ஒரு சின்னத் தத்தல் போடும் பழக்கம் எல்லோருக்கும் வரும். வேகத்தைக் கூட்டுவதற்கு முன்பே அதை ஒழித்துவிடுங்கள், பிறகு போகாது. உட்கார்ந்ததும் பெடலைத் தேடிக் குனிந்து பார்க்காதீர்கள். மிதித்துவிட்டால் கிளீட் தானே மாட்டும்.

வாரத்துக்கு ஒரு முறை, 30 நிமிடம், இறங்கி ஏறுவது மட்டும். ஒரு மாதத்தில் பயம் போய்விடும்.

பலகையை சில பேர் சைக்கிளோடவே தாண்டிக் குதிக்கிறாங்களே, நானும் கத்துக்கணுமா?

பாதைக்குக் குறுக்கே தடையாக வைக்கும் பலகைகள் அதிகபட்சம் 40 செ.மீ. உயரம், இரண்டு பலகைக்கும் நடுவே 4 மீட்டர். குதித்துத் தாண்டினால் ஓரிரு நொடி மிச்சம். தவறினால் ஹேண்டில்பாருக்கு மேலே பறந்து விழுவீர்கள், பல்லோ மணிக்கட்டோ போகலாம். முந்தைய பதிலில் உள்ளது பழகிய பிறகு, அட்டைப்பெட்டி மாதிரி விழுந்தாலும் வலிக்காத ஒன்றை வைத்துப் பயிற்சி செய்யுங்கள். போட்டியில் களைத்துப்போன கடைசிச் சுற்றிலும் பத்துக்குப் பத்து தாண்ட முடிந்தால் மட்டும் குதியுங்கள்.

ஓடித் தாண்டும்போது மேல் குழாயை வலது கையால் பிடித்து, சக்கரம் பலகையைத் தொடாத அளவுக்கு மட்டும் தூக்கினால் போதும். நெஞ்சு வரை தூக்குவது வீண் உழைப்பு.

எப்போ கையில தூக்குறது, எப்போ தோள்ல போடுறது?

ஏழெட்டு அடிதான் என்றால் கையில். நீண்ட படிக்கட்டு, வழுக்கும் மேடு, கணுக்கால் ஆழச் சேறு என்றால் தோளில். வலது கையைக் கீழ்க் குழாய்க்கு அடியில் நுழைத்துத் தூக்கி, மேல் குழாயைத் தோளில் உட்கார வைத்து, அதே கையால் ஹேண்டில்பாரின் இடது வளைவைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது முன்சக்கரம் ஆடி முகத்தில் அடிக்காது. இடது கை ஓடுவதற்குச் சும்மா இருக்கும்.

மணல்ல நாலு அடி போனதும் நின்னுடுறேன். பலம் பத்தலையா?

பெரும்பாலும் பலம் அல்ல, நுழையும் வேகமும் கியரும்தான். மணலுக்கு முன்பே வேகம் எடுத்து, வழக்கத்தைவிட ஒரு கியர் கனமாக வைத்து, பாரத்தைப் பின்னால் தள்ளி நுழையுங்கள். நடுவில் மிதிப்பதை நிறுத்தக் கூடாது, கியர் மாற்றக் கூடாது, பிரேக்கைத் தொடவே கூடாது. முன்னால் போனவர்கள் போட்ட தடத்தில் சக்கரத்தை விட்டுவிட்டு ஹேண்டில்பாரைத் தளர்வாகப் பிடியுங்கள். சைக்கிள் ஆடும், ஆடட்டும். இறுக்கிப் பிடித்துத் திருப்ப நினைத்த உடனே முன்சக்கரம் புதையும். பெல்ஜியத்தின் கோக்ஸைடு மணல்மேடுகளில் நடக்கும் போட்டியில் முன்னணி வீரர்களே பாதி இடத்தில் இறங்கி ஓடுவார்கள். நிற்கப்போகிறது என்று தெரிந்தால், நின்ற பிறகு இறங்காமல், வேகம் மிச்சம் இருக்கும்போதே இறங்குங்கள்.

குறுக்குச் சரிவுல சைக்கிள் கீழ்ப்பக்கமா வழுக்கிட்டே போகுது.

நுழையும்போது முடிந்தவரை மேலே நுழையுங்கள், எப்படியும் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும். மேட்டுப் பக்கத்துப் பெடல் மேலே, பள்ளத்துப் பக்கத்துப் பெடல் கீழே, பாரம் முழுதும் அந்தக் கீழ்க்காலில். பிரேக் பிடிப்பதாக இருந்தால் சரிவுக்கு முன்பே. கண் சக்கரத்தைப் பார்த்தால் வழுக்கும், போகவேண்டிய இடத்தைப் பார்க்கட்டும். இதெல்லாம் செய்தும் வழுக்கினால் டயர் அழுத்தம்தான் காரணம், மேலே சொன்ன கணக்குக்குத் திரும்புங்கள்.

சேத்துல திடீர்னு மிதிக்க முடியாம இறுகிச்சு, அழுத்தினேன், டிரெய்லர் (செயினை கியருக்கு கியர் மாத்துற பின்பக்கக் கருவி) உடைஞ்சு ஸ்போக்ல போயிடுச்சு. ஏன்?

ஈர மண்ணோடு நீளப் புல் சேர்ந்தால் கயிறு மாதிரி ஆகி, டிரெய்லரின் இரண்டு சிறு சக்கரங்களிலும் சுற்றிக்கொள்ளும். செயின் ஓட முடியாமல் டிரெய்லரைப் பின்னோக்கி மேலே இழுக்கும். அதைச் சட்டத்தோடு இணைக்கும் ஹேங்கர் என்கிற மெல்லிய அலுமினியத் துண்டு, சட்டம் உடையாமல் தான் முதலில் உடையவேண்டும் என்றே செய்யப்பட்டது. அது உடைந்ததும் டிரெய்லர் பின்சக்கரத்துக்குள் போய்விடும்.

மிதிக்கும்போது வழக்கத்துக்கு மாறான இறுக்கம் தெரிந்த அந்த நொடியே அழுத்துவதை நிறுத்தி, பெடலை அரைச் சுற்று பின்னோக்கி விடுங்கள். அப்போதும் விடவில்லை என்றால் இறங்கி, விரலால் புல்லை உருவி எடுங்கள். இருபது நொடி போகும், போட்டி போகாது. உங்கள் சட்டத்துக்கான ஹேங்கர் ஒன்று எப்போதும் பையில் இருக்கட்டும். மாடலுக்கு மாடல் வேறுபடும் என்பதால் அடுத்தவரிடம் கடன் வாங்க முடியாது.

பிட்னு ஒண்ணு இருக்கே, ஒரே சைக்கிள் வச்சிருக்கிறவனுக்கு அதனால என்ன பயன்?

சைக்கிளையோ சக்கரத்தையோ மாற்ற அனுமதி உள்ள ஒரே இடம் பிட். பெரும்பாலும் பாதை அதன் இரு பக்கமும் போகுமாறு அமைப்பார்கள், அதனால் ஒரு சுற்றில் இரண்டு முறை அங்கே வருவீர்கள். பெரிய வீரர்கள் கடும் சேற்றில் அரைச் சுற்றுக்கு ஒரு தடவை சைக்கிளை மாற்றிக்கொள்வார்கள், உதவியாளர் மற்றதைக் கழுவி வைப்பார். ஒரே சைக்கிள் உள்ளவர் உதிரிச் சக்கரம் ஒரு ஜோடி வைத்தால் போதும். அச்சின் வகையும் டிஸ்க்கின் அளவும் உங்கள் சைக்கிளோடு ஒத்துப்போகிறதா என்று வீட்டிலேயே மாட்டிப் பார்த்துவிடுங்கள். பிரேக் பேடில் டிஸ்க் உரசுவது அங்கே போய்த் தெரிந்தால் பயனில்லை.

பிட்டைத் தாண்டினதும் பஞ்சர் ஆச்சு. திரும்பிப் போகலாமா?

கூடாது. பிட்டின் வெளிவாயிலைக் கடந்துவிட்டால் பாதையின் போக்கிலேயே அடுத்த பிட் நுழைவு வரை போகவேண்டும். எதிர்த்திசையில் நடந்தால் தகுதி நீக்கம். சைக்கிளைத் தோளில் போட்டு ஓடலாம். தட்டையான இடங்களில் பாரத்தை நல்ல சக்கரத்துப் பக்கம் சாய்த்து மெதுவாக ஓட்டவும் செய்யலாம், ரிம்முக்கு என்ன ஆனாலும் பரவாயில்லை என்றால்.

கடைசி வரிசையில நிறுத்திடுறாங்க. ஸ்டார்ட் அவ்வளவு முக்கியமா?

மிக முக்கியம். தொடக்க நேர்கோட்டுக்குப் பிறகு பாதை குறுகும். முன்வரிசை அந்தத் திருப்பத்தை ஓட்டியே கடக்கும், பின்வரிசை காலை ஊன்றி நின்று காத்திருக்கும். வரிசை பெரும்பாலும் சீசன் புள்ளிகளைப் பொறுத்தது. புள்ளி இல்லாதவர்களை முன்பதிவு செய்த வரிசைப்படி நிறுத்தும் இடங்களும் உண்டு. எனவே பதிவு திறந்த அன்றே பெயர் கொடுங்கள்.

நடுத்தர கியரில் நில்லுங்கள். ஒரு கால் கிளிப்பில், அந்தப் பெடல் கடிகாரத்தில் இரண்டு மணி இருக்கும் உயரத்தில். விசில் ஊதியதும் மறு காலின் கிளீட்டைத் தேடி நேரம் கழிக்க வேண்டாம், நாலைந்து மிதி மிதித்த பிறகு மாட்டலாம். பின்வரிசையில் இருந்தால் முதல் திருப்பத்தில் வெளிவட்டத்தைப் பிடியுங்கள். எல்லோரும் உட்பக்கம் முட்டிக்கொண்டு நிற்கும்போது வெளியே வழி திறக்கும்.

எத்தனை சுத்துன்னு முன்னாடியே சொல்றதில்லையே. என்னை முந்தி ஒரு சுத்து போயிட்டாங்கன்னா?

முதலாமவர் முதல் இரண்டு சுற்றுக்கு எடுக்கும் நேரத்தை வைத்துத்தான் மொத்தச் சுற்றைக் கணக்கிடுவார்கள். பிறகு மிச்சம் எத்தனை என்று பலகையில் காட்டுவார்கள், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும். பெரிய போட்டிகளில் 80 சதவீத விதி உண்டு. முதலாமவரின் முதல் சுற்று நேரத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பின்தங்கினால் வெளியே எடுத்துவிடுவார்கள். உள்ளூரில் பொதுவாக ஓட விடுவார்கள், முடிவில் ஒரு சுற்று குறைவு என்று பதிவாகும். பின்னால் முன்னணி ஆட்கள் வருவது தெரிந்தால் பதறிப் பிரேக் பிடிக்காதீர்கள். உங்கள் கோட்டிலேயே நேராகப் போங்கள், அவர்கள் எந்தப் பக்கம் என்று குரல் கொடுத்து முந்திக்கொள்வார்கள்.

வாரத்துக்கு ஆறு மணி நேரம்தான் கிடைக்கும். எப்படிப் பயிற்சி பண்றது?

போதும். செவ்வாய் 40 நொடி முழுப் பலம், 20 நொடி இளைப்பாறல், இப்படிப் பத்து முறை. அதையே ஐந்து நிமிட இடைவெளி விட்டு இன்னொரு தொகுதி. புதன் இறங்கி ஏறும் பயிற்சி, அதோடு 15 நிமிட ஓட்டம். வியாழன் நின்ற நிலையிலிருந்து 20 நொடி பாய்ச்சல் ஆறு, ஒவ்வொன்றுக்கும் நடுவே முழு ஓய்வு. சனி லேசாக 45 நிமிடம். ஞாயிறு போட்டி. ஓட்டத்தை மட்டும் சீசனுக்கு இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். சைக்கிள் மட்டுமே ஓட்டிய கெண்டைக்காலும் குதிகால் நாணும் படிக்கட்டு ஓட்டத்தைத் திடீரென்று தாங்காது.

சாப்பாடு, தண்ணி?

45 நிமிடப் போட்டிக்கு நடுவில் ஒன்றும் வேண்டாம். மூன்று மணி நேரம் முன்னால், எளிதில் செரிக்கிற மாவுச்சத்து உணவு. தண்ணீரைப் போட்டிக்கு முன்பே குடித்து முடியுங்கள்.

ரெண்டு வாரமா பிரேக் பிடிச்சா லீவர் ஹேண்டில்பார் வரைக்கும் வருது.

பேட் தேய்ந்துவிட்டது. மணல் கலந்த ஈரச் சேறு அரைக்கும் பசை மாதிரி வேலை செய்யும். மென்மையான ரெசின் பேடு ஒரே மழைப் போட்டியில் தீர்ந்துபோவது உண்டு. சேற்று மாதங்களுக்கு மெட்டல் பேடு போடுங்கள். உங்கள் டிஸ்க் அதற்கு ஏற்றதா என்று பாருங்கள், ரெசின் மட்டும் என்று டிஸ்க்கிலேயே அச்சிட்டிருந்தால் போடக் கூடாது. உராயும் பகுதி 1 மி.மீ.க்குக் கீழே வந்தால் யோசிக்காமல் மாற்றுங்கள். பேடு தேயாமலே லீவர் தளர்ந்திருந்தால் எண்ணெய்க் குழாயில் காற்று நுழைந்திருக்கிறது, அதை வெளியேற்ற வேண்டும்.

சனிக்கிழமை ஒரு ரேஸ், ஞாயித்துக்கிழமை ஒண்ணு. ரெண்டும் ஓட்டலாமா?

உடம்பைவிட சைக்கிளும் துணியும்தான் பிரச்சினை. சனி மாலை செய்ய வேண்டியது: சேறு காயும் முன் குறைந்த அழுத்தத் தண்ணீரில் கழுவுதல். ஜெட்டை ஹப், பெடல் அச்சு, ஹேண்டில் தண்டு பேரிங்குகளின் பக்கம் காட்டவே கூடாது, கிரீஸை அடித்துத் தள்ளிவிட்டு மண்ணை உள்ளே விடும். செயினைத் துடைத்துக் காயவைத்து எண்ணெய் விடுங்கள். பேடைப் பாருங்கள். துணியை வாளியில் அலசி மண் போன பிறகே வாஷிங் மெஷினில் போடுங்கள். ஷூவுக்குள் செய்தித்தாளைத் திணித்து வையுங்கள், இரவில் ஒருமுறை தாளை மாற்றினால் காலையில் போடும்படி இருக்கும்.

தொடர்ந்து நான்கு வார இறுதி ஓட்டியவர் ஐந்தாவதை விட்டுவிடுவது நல்லது. டிசம்பரில் நேரம் மோசமாகி, தூக்கம் கெட்டு, காலை நாடித்துடிப்பு வழக்கத்தைவிட ஏறியிருந்தால் தேவை கூடுதல் பயிற்சி அல்ல, ஒரு வார ஓய்வு.

சுத்து நேரம் வாரா வாரம் மாறுது. முன்னேறுறேனான்னு எப்படித் தெரியும்?

பாதையும் தரையும் மாறும்போது நேரத்தை ஒப்பிடுவதில் அர்த்தமில்லை. ஒரே போட்டிக்குள் உங்கள் சுற்றுகளை ஒப்பிடுங்கள். முதல் சுற்றை விட்டுவிட்டு, இரண்டாவதற்கும் கடைசிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். 30 நொடிக்கு மேல் இருந்தால் ஆரம்பத்தில் அளவுக்கு மீறி ஓட்டுகிறீர்கள். முதலாமவரோடு சதவீத வித்தியாசத்தையும் குறித்து வையுங்கள். அதே ஆட்கள் வரும் தொடரில், 20 சதவீதமாக இருந்த பின்னடைவு 16 ஆனால் அது உண்மையான முன்னேற்றம். தரவரிசையில் 41-லிருந்து 38-க்கு வந்தது அன்று மூன்று பேர் வராததாலும் இருக்கலாம்.

சீசன் முடிஞ்சிடுச்சு. சைக்கிளை அப்படியே நிறுத்தி வச்சா போதுமா?

அப்படியே நிறுத்தினால் செப்டம்பரில் பாதி பேரிங் துருப்பிடித்து இறுகியிருக்கும். கிராங்க், ஹேண்டில் தண்டு, ஹப் மூன்றையும் கழற்றித் துடைத்து, கரகரப்பு தெரிந்தால் மாற்றி, புதிய கிரீஸ் போடுங்கள். செயின் அளவியில் 0.5 சதவீத நீட்சி காட்டினால் செயினை மாற்றுங்கள், விட்டால் பின்பல் வரிசையையும் தின்றுவிடும். கியர் கேபிளும் உறையும் புதிது. டயரைக் கழற்றி, உள்ளே காய்ந்த சீலண்டை உரித்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். கிளீட்டின் முனை வட்டமாகத் தேய்ந்திருந்தால் அதையும் இப்போதே மாற்றுங்கள். புது கிளீட் முதலில் இறுக்கமாக இருக்கும், பழகிக்கொள்ளக் கோடை முழுதும் நேரம் உண்டு.